ஒடுக்கு எடுத்தல்: தென்காசித் தகரம் பற்றிச் சில குறிப்புகள்

சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதும்போது, பழைய படிமங்களுக்குப் ‘பட்டி டிங்கரிங் பார்த்து’ப் புதுசு என்று விற்கிறார் கவிஞர் என்று எழுதியிருந்தேன். அந்தச் சொற்றொடர் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. வீட்டில் கிடந்த அந்த இதழை என் தாய்மாமன் எடுத்துப் புரட்டியிருக்கிறார். மாமா தென்காசியில் நாற்பது வருஷம் டிங்கர் வேலை பார்த்தவர். பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: “மருமவனே, டிங்கரிங்னா ஏமாத்து வேலையா?” நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். “பட்டி வேற, டிங்கரிங் வேறல்லா. தட்டத் தெரியாதவந்தான் பட்டிய அப்புவான். ரெண்டையும் ஒண்ணா எழுதிட்டியே” என்றார். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்குச் சொல் பிரிக்கத் தெரியவில்லை என்பதுதான் இதன் பொருள். இந்தக் குறிப்புகள் அவருக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலின் ஒரு பகுதி.

தகரத்தில் விழுகிற குழிக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் கிடையாது. ஒடுக்கு, சொட்டை, நெளிசல், நசுங்கல், பட்டணத்தில் டொக்கு. பாத்திரக்காரர்களின் வாயில் அது ஒடுக்கு. செம்பில் விழுந்த ஒடுக்கை எடுப்பதும் பித்தளைக்கு ஈயம் பூசுவதும் ஒரே ஆளின் வேலையாக, ஒரே குரலில் கூவித் தெருவில் வந்த காலம் ஒன்று இருந்தது. ஒடுக்குமுறையும் ஒடுக்கப்பட்டோரும் இதே வேரிலிருந்துதான் வருகின்றன. இதை என் கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அகராதியைத் திறந்தால் அடுத்தடுத்து இருக்கிறது. ஒடுக்கப்பட்டோர் வரலாறு என்று இத்தனை பக்கம் எழுதிய நாம், ஒடுக்கு எடுக்கிறவனின் பட்டறைப் பக்கம் போனதில்லை என்பது மட்டும் எனக்கு உறுத்துகிறது.

இனி டிங்கர். இந்தச் சொல் காரோடு வந்ததாகத்தான் நாம் நினைக்கிறோம். இங்கிலாந்தில் காரின் ஒடுக்கு எடுப்பவரை யாரும் டிங்கர் என்று அழைப்பதில்லை. அங்கே டிங்கர் என்றால் ஊர் ஊராகச் சுற்றி ஓட்டைப் பாத்திரம் அடைப்பவர். முதலாம் எலிசபெத் காலத்தில், 1572-இல் வந்த நாடோடிகள் சட்டம் தண்டிக்க வேண்டியவர்கள் பட்டியலில் அனுமதிச் சீட்டு இல்லாத வித்தைக்காரர், தலைச்சுமை வியாபாரி ஆகியோருடன் டிங்கரையும் சேர்த்தது. அந்த மரபில் வந்த ஒரு டிங்கரைத் தமிழ் மாணவர்கள் எல்லோரும் பெயரளவில் அறிவோம். ஜான் பனியன் (1628–1688) அப்பன் தொழிலாகப் பாத்திரம் அடைத்தவர். உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660-இல் பிடிபட்டு, பன்னிரண்டு வருஷம் சிறையில் கிடந்தார். 1678-இல் வெளியான அவருடைய நூலை வழிநூலாக்கித்தான் திருநெல்வேலிச் சீமையில் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிக’த்தைப் பாடினார், அச்சானது 1894-இல். கம்பனுடைய நடையை மேலே போட்டுக்கொண்டு அந்தக் கதை தமிழுக்குள் வந்தபோது டிங்கர் வெளியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டான். எங்கள் வகுப்பில் காப்பிய இலக்கணம் கேட்டார்கள், கிறித்தவம் கேட்டார்கள். மூல ஆசிரியன் சுத்தியல் பிடித்தவன் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அது வேறு எங்கோ படித்தபோது தெரிந்தது. பெட்ஃபோர்டு ஊர் அருங்காட்சியகத்தில் அவருடைய பட்டறைக்கல்லை வைத்திருக்கிறார்களாம்.

பட்டறை என்றதும் இன்னொன்று. 1990-களில் குற்றாலத்தில் கலாப்ரியா முன்னின்று நடத்திய கவிதைப் பட்டறைகளைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாகப் பதிவுகள் உண்டு. நானும் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அதே நாட்களில் ஐந்தாறு கிலோமீட்டருக்குள், தென்காசியில், உருவகம் கலக்காத பட்டறைகளில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குற்றாலத்தைப் பற்றிய நம் இலக்கிய நினைவு முழுக்க வந்து குளித்துப் போனவர்களின் நினைவுதான். டி.கே.சி. வீட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்களைக் கொண்டுவந்து இறக்கிய வண்டி வழியில் எங்கே இடித்தது, யார் தட்டி நிமிர்த்தினார்கள் என்று நான் படித்தவற்றில் எங்கும் இல்லை.

இத்தனைக்கும் குற்றாலத்தில் வண்டி சறுக்கியதைப் பதிவு செய்தவர் ஒருவர் உண்டு. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். தேனருவி எழும்பித் தெறித்ததில் சூரியனுடைய ரதமே சறுக்குவதாகக் குறவஞ்சியில் பாடிவைத்திருக்கிறார். உயர்வு நவிற்சி என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம். பாட்டுக்குப் பரிசாக மதுரை நாயக்கர் முத்துவிசயரங்க சொக்கநாதர் (ஆட்சி 1706–1732) கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர் நிலைத்தது. நிலம் கவிராயருக்கு. குறவஞ்சிக்குக் கிடைத்தது என்ன என்று பார்த்தால், 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம். அதன் கீழ் குறவர்கள் பட்டியலிடப்பட்டுக் கைரேகைக்கு வரிசையில் நின்றார்கள். எலிசபெத்தின் டிங்கர் பட்டியலும் இந்தப் பட்டியலும் ஒரே கையெழுத்து என்றுதான் எனக்குப் படுகிறது. நிற்க.

*

மாமா பதிமூன்று வயதில், 1977-இல், ஒரு பாத்திரப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். அம்பாசமுத்திரம் பக்கம் வாகைக்குளத்தில் வெண்கலம் அடிப்பார்கள். தென்காசியில் இவர்கள் பார்த்ததெல்லாம் பழுதுதான். ஒடுக்கு, ஓட்டை, ஈயம். நவச்சாரம் தூவி, சூடான பித்தளையில் வெள்ளீயத்தைப் பஞ்சால் ஒரே இழுப்பில் பரத்துகிற வேலை. மூன்று வருஷத்தில் அந்தத் தொழில் காலடியில் இருந்து நழுவியது. காரணம் எவர்சில்வர். அதற்கு ஈயம் வேண்டாம். ஒடுக்கு விழுந்தாலும் தட்டத் தட்ட இறுகிக்கொண்டே போகும் உலோகம் அது. பித்தளையைப் போட்டு எவர்சில்வர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடைக்குக் கடை பலகை தொங்கியது. பட்டறை மூடியது. மாமா எதிர்ச்சாரியில் இருந்த மோட்டார் ஒர்க் ஷாப்புக்குப் போனார். நம் பொருளாதார வரலாறுகளில் ‘தொழில் மாற்றம்’ என்று ஒரு வார்த்தையில் முடிகிற சங்கதி, இங்கே ரோட்டைக் குறுக்கே கடக்கிற தூரம்தான்.

போன இடத்தில் கை புதிதாக ஒன்றும் கற்க வேண்டியிருக்கவில்லை என்கிறார். அன்றைய கார் என்றால் அம்பாசடர், ஃபியட், அபூர்வமாகச் சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். தகரம் கனம். மூத்த மேஸ்திரிமார் பள்ளத்தை நிரவப் பட்டி பூசமாட்டார்கள், ஈயம்தான் வைப்பார்கள். காரீயமும் வெள்ளீயமும் எழுபதுக்கு முப்பது கலந்தால் 183 டிகிரியில் இளக ஆரம்பித்து, 250-ஐத் தாண்டித்தான் முழுசாக உருகும். நடுவில் வெண்ணெய் மாதிரி நிற்கும். அந்த நிலையில் மெழுகு தடவிய மரத்துடுப்பால் வழித்துவிட வேண்டும். பித்தளைப் பானைக்கு ஈயம் பூசிய கைக்கு அந்தச் சூடு தெரியும். பிறகு இரண்டு டப்பாவாக வந்த பாலியஸ்டர் பட்டி ஈயத்தைத் துரத்தியது. ஈயத்தூள் உடம்புக்கு விஷம் என்ற வகையில் அது நல்லதுதான். கலந்து பத்து நிமிஷத்தில் கல்லாகிவிடும், யாரும் பூசலாம். தட்டத் தெரியாதவர்கள் தொழிலுக்குள் வந்தது அப்போதுதான் என்பது மாமாவின் கட்சி. கால் அங்குலப் பட்டியை அப்பிச் சமன் செய்த இடம் ஈரத்தைக் குடிக்கும். உள்ளே துரு பூக்கும். இரண்டு மழைக்குப் பிறகு கொப்புளமாகக் கிளம்பும். ‘பட்டி பார்த்தல்’ வசையானது அப்படித்தான்.

ஒடுக்கு எடுப்பது பள்ளத்தைப் பின்னாலிருந்து குத்தி வெளியே தள்ளுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படிச் செய்தால் வண்டி குட்டிச்சுவர். ஒரு பெரிய குழிவில் உண்மையாகச் சேதமடைந்த பாகம் கொஞ்சம்தான். ஓரத்தில் மடிந்து இறுகிய ஒரு வரி இருக்கும்; மீதித் தகரம் கெட்டுப்போகவில்லை, அந்த மடிப்பு பிடித்து வைத்திருப்பதால் மட்டும் உள்ளே கிடக்கிறது. எனவே முதலில் இடித்த வரிசையைப் படிக்க வேண்டும். எது முதலில் பட்டது, எது கடைசியில் மடிந்தது. கடைசியில் மடிந்ததை முதலில் அவிழ்க்க வேண்டும். பின்னால் டாலிக் கட்டையைக் கொடுத்து, முன்னால் மேடு நின்ற இடத்தைச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தத்தோடு குழி தானாக எழும்பிவிடும். அந்தச் சத்தம் வந்தால் வேலை பாதி முடிந்தது. வராமல் அடித்துக்கொண்டே போனால் தகரம் நீண்டுவிடும். அழுத்தினால் உள்ளே, விட்டால் வெளியே என்று தகர டப்பா மூடி போலத் துள்ளும். அப்புறம் அதைச் சூடுகாட்டி, ஈரத்துணி வைத்துச் சுருக்க வேண்டும். கண்ணை நம்புவதில்லை. உள்ளங்கையை வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு, தடவித்தான் மேடுபள்ளம் பார்க்கிறார்கள். பிரதியை நுணுகி வாசித்தல் பற்றி எனக்குச் சொல்லித்தந்த பேராசிரியர்களுக்கு வணக்கம். இதைப் போல ஒருவரும் சொல்லித்தரவில்லை.

தென்காசியில் இந்தத் தொழிலுக்கு இரண்டு அறுவடை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். கார்த்திகை தொடங்கி தை வரை ஐயப்பன். செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குள் போகிற பாதை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது. லாரிகள் அந்த வளைவில் முட்டும். கார்கள் பெரும்பாலும் அருவிக்கரையில், நிறுத்துமிடத்தில், பின்னால் எடுக்கும்போது முட்டும். இதில் குரங்கு ஒடுக்கு என்று தனி ரகம் இருக்கிறது. மரத்திலிருந்து பானெட் மேல் குதிப்பது. இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில் அதை எப்படி எழுதுவது என்று படித்தவர்களே மாமாவிடம் வந்து கேட்டிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஒடுக்கைக் கொண்டுவருகிற அதே சாரல் பெயிண்ட் அடிக்க விடாது. பழைய நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட் சட்டென்று உலரும்போது தகரம் குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்துவிடும். “பூத்துட்டு” என்பார்கள். உலர்வதைத் தாமதப்படுத்தும் தின்னர் ஊற்றிப் பார்ப்பார்கள். அதுவும் முடியாத நாட்களில் தட்டி, பிரைமர் அடித்து, செம்மண் நிறத்தில் ஒரு கதவோடு வண்டியை அனுப்பிவிடுவார்கள். ஆடியில் மதுரை ரோட்டில் அப்படி ஒரு கார் போனால் குற்றாலம் போய்விட்டு வருகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாமாம்.

இந்தத் தொழிலுக்குச் சாதி உண்டா என்று கேட்டேன். மாமா சிரித்தார். பாத்திரப் பட்டறையில் இருந்தது. யார் உலையருகே உட்காரலாம், யார் துருத்தி மட்டும் ஊதலாம் என்ற கணக்கு இருந்தது. ஒர்க் ஷாப்பில் முஸ்லிம், நாடார், பள்ளர், ஆசாரி எல்லோரும் ஒரே காருக்குக் கீழே படுத்தார்கள். கார் வெளியிலிருந்து வந்த பொருள். அதற்கு இன்ன சாதி என்று யாரும் எழுதிவைத்திருக்கவில்லை. டிங்கர் என்ற ஆங்கிலப் பெயர் இங்கே ஒரு மறைப்பாக உதவியிருக்கிறது. தன் ஊரில் இழிபெயராக இருந்த சொல் நம் ஊரில் சாதிப் பெயர்களிலிருந்து தப்பிக்க ஒரு சந்து கொடுத்தது. ஆனால் இதை ரொம்ப இழுக்கக் கூடாது. டீ கிளாஸ் எங்கே இருந்தது என்று கேட்டபோது மாமா பதில் சொல்லவில்லை.

*

1997-க்கு வருகிறேன். அப்போது எனக்கு விவரம் தெரியாத வயது. விருதுநகரை மையமாக வைத்துத் தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. ஒரு தலித் வீரனுடைய பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். 1995-இல் கொடியங்குளத்தில் போலீஸ் நடத்திய சூறையாடலின் காயம் ஆறாத தென்மாவட்டங்கள் மறுபடி பற்றிக்கொண்டன. கல்லெறியில் பஸ்கள் நொறுங்கின, உயிர்கள் போயின. கடைசியில் அரசு கண்டுபிடித்த தீர்வு, எல்லாப் பெயர்களையும் எடுத்துவிடுவது. அந்த ஜூலையில் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர் நீங்கின. எங்கள் பக்கத்துப் பஸ்ஸிலிருந்து கட்டபொம்மனும் இறங்கினார்.

இதை அரசியல் வரலாறாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பெயர் நீக்கம் என்பது அரசாணையில் மட்டும் நடந்துவிடுகிற காரியமா? யாரோ ஒருவர் எமரித்தாளும் தண்ணீருமாக நின்று, ஒவ்வொரு வண்டியாக அந்த எழுத்துகளைத் தேய்க்க வேண்டும். மாமாவின் கூட்டாளி ஒருவர் அப்போது பெயிண்டர் வேலையில் இருந்தார். கல்பட்ட ஒடுக்கைத் தட்டிக்கொண்டிருந்த அதே வாரத்தில் எழுத்தையும் அழித்தார்கள். அவசரம். எழுத்தின் விளிம்பைச் சரியாக நிரவாமல் மேலே பெயிண்ட் அடித்தால், நேர் வெயிலில் ஒன்றும் தெரியாது. சாயங்கால வெயில் சரிவாக விழும்போது அடியில் இருக்கிற எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கும். “கையி வச்சா குருடன்கூட வாசிச்சிருவான்” என்றார் அந்தப் பெயிண்டர். சாதியைத் தேய்க்கச் சொல்லவில்லை, பெயரைத்தான் தேய்க்கச் சொன்னார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். நான் ஏதாவது கோட்பாட்டு மேற்கோளை இங்கே வைக்கலாம். வேண்டாம்.

இன்னொரு வண்டியைப் பற்றி மாமா என்னிடம் சொன்னது அந்த மதிப்புரைச் சண்டைக்குப் பிறகுதான். வருஷத்தையும் ஊரையும் நான் எழுதப் போவதில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஷட்டரைத் தட்டி ஒரு வண்டியை உள்ளே விட்டார்கள். இடதுபக்க முன் மட்கார்டு, ஹெட்லைட் வளையம். மாடு குறுக்கே வந்துவிட்டது என்றார்கள். காலைக்குள் வேண்டும், கேட்ட கூலி. ஒடுக்கைப் பார்த்தாலே எது எந்த உயரத்தில் மோதியது என்று மாமாவுக்குத் தெரியும். மாட்டின் உயரத்தில் இல்லை. வளையத்துக்குள் ஒரு நூல், கட்டம்போட்ட துணியின் நூல், சிக்கியிருந்தது. “எடுத்தேன். தட்டினேன். விடிய அஞ்சு மணிக்குப் பெயிண்ட் காஞ்சிட்டு.” இரண்டு நாள் கழித்து, சைக்கிளில் போன கூலிக்காரர் ஒருவர் ரோட்டோரம் செத்துக் கிடந்த செய்தி வந்தது. வண்டி வைத்திருந்தவர்கள் யார் என்பதை நினைத்து மாமா வாயைத் திறக்கவில்லை. விபத்து நடந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும், வண்டியை ஆய்வாளர் பார்க்க வேண்டும் என்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. சாட்சியத்தை மறைப்பது பழைய தண்டனைச் சட்டத்தில் 201-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 238. பிரிவு எண்களை மாமாவுக்கு நான் சொல்லவில்லை. அவர் கேட்டது இது ஒன்றுதான்: “நல்லா எடுத்ததுதான் தப்பாப் போச்சு, என்ன? மோசமா எடுத்திருந்தா யாராவது பாத்திருப்பான்லா?” வரலாற்றில் சாட்சியம் என்று எத்தனை கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்த மாதக் கூலியிலிருந்து என் படிப்புக்கும் ஏதாவது வந்ததா என்று கேட்கவும் தைரியம் வரவில்லை.

*

இப்போது கம்பெனி ஒர்க் ஷாப்புகளில் ஒடுக்கு எடுப்பது குறைந்துவிட்டது. கழற்றுகிறார்கள், புதுசு மாட்டுகிறார்கள். 1983 டிசம்பரில் மாருதி வந்ததிலிருந்து தகரம் மெலிந்துகொண்டே வந்து, இன்று வெளித்தகடு ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர். சட்டகத்தில் போடும் உறுதியான எஃகைச் சூடுகாட்டினால் பலம் போய்விடும். பம்பர் பிளாஸ்டிக், வெந்நீர் ஊற்றி உள்ளிருந்து தள்ளுகிறார்கள். பெயிண்ட் கெடாமல் கம்பியால் பின்பக்கமிருந்து நெம்பி எடுக்கிற முறையும் வந்துவிட்டது. சின்னக் குழிகளுக்கு நல்ல முறை, மாமாவே ஒப்புக்கொள்கிறார்.

ரோட்டோர டிங்கர் இன்னும் பிழைத்திருப்பதற்குக் காரணம் கலை ரசனை அல்ல, இன்சூரன்ஸ் கணக்கு. கிளெய்ம் செய்யாத வருஷத்துக்குத் தள்ளுபடி 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருஷத்தில் 50 வரை ஏறும்; ஒரு தடவை கிளெய்ம் செய்தால் அது போச்சு. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். தகரத்துக்கு வயதுக்கு ஏற்பக் கழித்து, பத்து வருஷம் தாண்டினால் அதற்கும் பாதி. ஆகவே சின்ன ஒடுக்கைச் சொந்தக் காசில், சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வதே லாபம். அந்தக் காசு வேப்பமரத்தடிக்கு வருகிறது.

அந்த வேப்பமரத்தடி சட்டத்தின் கண்ணில் படாது. இரைச்சலால் காது கெடுவதை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை தொழில்நோயாக ஏற்றது. ஆனால் மின்சாரம் வைத்துப் பத்துப் பேர் வேலை பார்த்தால்தான் அது தொழிற்சாலை. 2020-இல் நிறைவேறிய தொகுப்புச் சட்டம் அந்தப் பத்தை இருபதாக்கியது. மாமாவின் ஷெட்டில் அதிகபட்சம் நான்கு பேர். ஓட்டுநர்களையும் வாகனப் பழுதுபார்ப்போரையும் சேர்த்து ஒரு நல வாரியம் இருக்கிறது, அட்டை வைத்திருக்கிறார். நாற்பது வருஷம் தகரத்துப் பக்கத்தில் இருந்த இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது பாதி.

தென்காசிக் கோயிலை 1446-இல் எழுப்பத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன் ஒரு கல்வெட்டுப் பாட்டில், இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஒரு பழுது வந்து, அதைச் சரிசெய்பவர் யாராக இருந்தாலும் அவரை உலகறியப் பணிவதாகச் சொல்லிவைத்திருக்கிறான். கட்டியவன் பழுதுபார்ப்பவன் காலில் விழுகிறான். கோபுரம் இடிவிழுந்து நெடுங்காலம் பிளந்து நின்றது. ஒன்பது நிலையாகத் திரும்ப எழுந்து 1990-இல் குடமுழுக்கு நடந்தது. நன்கொடையாளர் பெயர்கள் நமக்குத் தெரியும். சாரம் கட்டியவர்கள் பெயரை நான் எங்கும் பார்க்கவில்லை. மாமாவுக்கு அந்தப் பாட்டைச் சொன்னேன். “ராசா விழுந்தா மட்டும் போதுமா, கூலி குடுத்தானா?” என்றார்.

போன சாரலுக்கு நண்பர் ஒருவருடைய காரில் பழைய குற்றாலம் போய்விட்டுத் திரும்பினோம். பானெட்டில் குரங்கு ஒடுக்கு, உள்ளங்கை அகலம். மாமா ஷெட்டை விட்டு மூன்று வருஷமாகிறது. வீட்டு வாசலில் வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்து, தோள் துண்டைப் பானெட்டில் விரித்து, மேலே கையை ஓட்டினார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, உள்பக்கம் விரலை விட்டு ஓரத்தைத் தேடி, இரண்டு பெருவிரலாலும் ஒரு அழுத்து. எழும்பிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“சத்தம் வந்துச்சா?”

“வந்துச்சு மாமா.”